பந்து வேணும், பாலு வேணாமா? அணிக்குள்ளும் வெளியேயும் நின்ற பல்வங்கர் பாலுவின் கதை

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு கிரிக்கெட் டீமையே கலைச்சுட்டுப் புது டீம் போட்டுவிடலாம். 2025 ஐபிஎல் சீசன் முழுக்க கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பட்டியலில் கடைசி இடம் என்று சென்னை சூப்பர் கிங்ஸ் முடித்த வருஷம் அது. ஓப்பனிங் யார் இறங்கணும், பவர்பிளேவில் யார் கையில் பந்து கொடுக்கணும், அஸ்வினை ஆட வைக்கணுமா உட்கார வைக்கணுமா, ருதுராஜ் இல்லாத நேரத்தில் தோனி மறுபடி கேப்டனானது சரியா தப்பா... அம்பத்தூர் தாண்டுவதற்குள் குரல் உயர்ந்து, பெரம்பூர் வருவதற்குள் பாதி பேர் பேச்சையே நிறுத்தியிருப்பார்கள்.

தோற்கிற டீமின் மீது ரசிகர்களுக்கு இருக்கிற உரிமை அது. யாரை எடுப்பது, யாரை விடுவது, பந்துவீச்சு வரிசை என்ன என்பதில் கருத்து இல்லாதவர் கிரிக்கெட் பார்ப்பவரே இல்லை.

ஆனால் இந்தியாவில் இந்த விவாதம் சூடுபிடித்த ஆரம்ப நாட்களில், ஒருத்தரை டீமில் எடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஃபார்ம், ஃபிட்னஸ் எதுவும் அளவுகோலாக இருக்கவில்லை. அவர் பந்தை மற்றவர்கள் தொடலாமா, அவர் குடித்த கோப்பையை யார் கழுவுவது என்பதெல்லாம் அளவுகோலாக இருந்தன. அந்த ஒருத்தர் பல்வங்கர் பாலு. நாட்டின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாற்றாசிரியர்கள் சொல்கிற ஆள்.

அண்ணனூர் வழியாகப் போகும் அதே ரயில் பாதையின் மறுமுனையில் இருக்கிற அரக்கோணத்தைக் களமாக வைத்து 2024-ல் வந்த ‘ப்ளூ ஸ்டார்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, கிரிக்கெட்டும் சாதியும் எங்கே முட்டிக்கொள்ளும் என்று விளக்கத் தேவையில்லை. அந்தக் கதையின் முதல் அத்தியாயம் புனேவில் ஒரு பிட்ச் ஓரத்தில் ஆரம்பிக்கிறது.

சம்பளம் 3 ரூபாய்

பாலு பிறந்தது 1876-ல், தார்வாடில். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் பகுதியில் ஒரு கிராமம். ‘பல்வங்கர்’ என்ற பெயரே அந்த ஊரிலிருந்து வந்ததுதான். தோல் வேலையோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட சமார் சாதி. அன்றைய வழக்கப்படி தீண்டத்தகாதவர்கள். அப்பா ராணுவம் சார்ந்த வேலையில் இருந்ததால் குடும்பம் புனேவுக்கு வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிவிட்டுக் கழித்துப்போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் பாலுவும் தம்பி சிவராமும் ஆட்டம் பழகினார்கள்.

பாலுவின் முதல் வேலை, புனேயில் பார்சிக்காரர்கள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில். பிட்ச்சைப் பெருக்குவது, உருளை இழுப்பது. மாதம் 3 ரூபாய். அப்புறம் 1892 வாக்கில் ஐரோப்பியர்களுக்கான பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. வேலையும் கூடியது: வலை கட்டணும், பிட்ச்சில் கோடு போடணும், டென்னிஸ் மைதானத்துக்கும் சுண்ணாம்புக் கோடு இழுக்கணும். பேட்டிங் பயிற்சிக்கு வருகிற துரைமார்களுக்கு அவ்வப்போது பந்தும் போட்டுக் கொடுக்கணும்.

அந்தக் கடைசி வேலைதான் திருப்புமுனை. பாலு இடது கைக்காரர். மெதுவாக, காற்றில் மிதக்கவிட்டு, விழுந்த இடத்தில் திரும்புகிற பந்து. இன்றைக்கு ஜடேஜா போடுகிறாரே, அந்த வகை. வேகம் மட்டும் இன்னும் குறைவு. ஏமாற்று வேலை அதிகம். பூனா கிளப்பில் அன்று பெரிய பேட்ஸ்மேன் ஜே. ஜி. கிரெய்க். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் கவுண்டிக்கு ஆடியவர், பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாராகவே போய்விட்டார். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவை மட்டும் பந்து போடச் சொல்லி ஆடுவாராம். பாலு அவரை அவுட்டாக்கினால் ஒவ்வொரு முறைக்கும் 8 அணா தருவார் என்பது புனேயில் நிலைத்துவிட்ட கதை. 8 அணா என்றால் அரை ரூபாய். மாதத்தில் 8 தடவை கிரெய்க்கை வீழ்த்தினால் இன்னொரு மாதச் சம்பளம் கையில்.

ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து போட்ட பாலுவுக்கு, அந்தக் கிளப்பில் ஒரு தடவைகூட மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. பேட்டிங் துரைமார்களுக்கு, பந்துவீச்சு வேலைக்காரர்களுக்கு. இந்தப் பாகுபாடு இங்கிலாந்திலும் இருந்ததுதான். இங்கே அதன் மேல் சாதி என்று இன்னொரு அடுக்கு.

எடுக்கலாமா, வேணாமா?

புனேயின் இந்துக்கள் நடத்திய கிளப் ஒன்று வெள்ளைக்காரர்களோடு மோதிப் பார்க்க ஆசைப்பட்டது. ஜெயிக்க வேண்டுமென்றால் பாலு வேண்டும். கிரெய்க்கையே தினமும் திணறடிக்கிற ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது அவரை விட்டுவிட்டு ஆடுவது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு கோஷ்டி. அவரோடு எப்படிச் சேர்ந்து ஆடுவது என்று இன்னொரு கோஷ்டி. கிளப்பில் இருந்த தெலுங்கு உறுப்பினர்கள் பாலு வேணும் என்றார்கள். பிராமண உறுப்பினர்கள் பலர் முடியாது என்றார்கள். கடைசியில் எதிரணி ஆளான கிரெய்க்கே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, இப்படி ஒரு திறமையைத் தள்ளிவைத்தால் இந்துக்கள்தான் முட்டாள்கள் என்கிற அர்த்தத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

பாலு உள்ளே வந்தார். ஆனால் எப்படி? மைதானத்தில் மற்றவர்கள் தொட்ட பந்தையே அவரும் தொட்டார். அதில் யாருக்கும் சிக்கல் இல்லை. டீ இடைவேளை வந்தால் மற்ற 10 பேரும் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கிப்போடுகிற மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி மேஜையில். முகம் கழுவணும் என்றால் இன்னொரு தீண்டத்தகாத வேலையாள் ஓரமாக நின்று தண்ணீர் ஊற்றணும்.

விக்கெட் விழுந்ததும் ஓடிவந்து கைகுலுக்குவது, டீ நேரம் வந்ததும் விலகிக்கொள்வது. இந்த இரண்டும் ஒரே மதியத்தில், ஒரே ஆட்களால் நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் யோசிக்க வைக்கிற இடம். அவர்களுக்கு அது முரணாகவே தெரிந்திருக்காது.

பாலு வந்த பிறகு அந்த கிளப் வரிசையாக ஜெயித்தது. சதாராவில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே ஆடும் ஜிம்கானா அணியையும் தோற்கடித்தது. சுழலுக்கு உதவாதபடி வாரக்கணக்கில் உருட்டி இறுக்கி வைத்த பிட்ச்சிலும் பாலு விக்கெட்டுகளை அள்ளினார் என்று அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்த வெற்றிக்குப் பின் நடந்த பாராட்டுக் கூட்டத்தில் சமூகச் சீர்திருத்தவாதி மகாதேவ கோவிந்த ரானடே, பாலுவோடு சேர்ந்து ஆட முடிந்தவர்கள் ஏன் சேர்ந்து சாப்பிடக் கூடாது என்கிற கேள்வியை எழுப்பினார்.

பம்பாய்: ஒரு மேஜை, ஒரு வெற்றி

1890-களின் பிற்பகுதியில் புனேயைப் பிளேக் நோய் புரட்டிப்போட்ட நேரத்தில் பாலு பம்பாய்க்கு வந்தார். முதலில் ராணுவப் பிரிவில், பிறகு ரயில்வேயில் வேலை. இரண்டு இடத்திலும் அவர்களுடைய டீமுக்கு ஆடினார். விளையாட்டுக்காகவே ஒருத்தரை வேலைக்கு எடுக்கிற இந்த ஏற்பாடு, ஐசிஎஃப் டீமையும் ரயில்வே டீமையும் பார்த்து வளர்ந்த அண்ணனூர், வில்லிவாக்கம் பக்கத்து ஆட்களுக்குப் புதுசில்லை.

பம்பாயில் பி. ஜே. இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது. உறுப்பினர்களில் சிலர் முறைத்தார்கள், ஆனாலும் சேர்த்துக்கொண்டது. தம்பி சிவராமும் அணிக்குள் வந்தார். இங்கே சாப்பாட்டு மேஜை தனியாக இல்லை. புனேயில் வெளியே நின்றவர், பம்பாயில் உள்ளே உட்கார்ந்தார்.

1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணியும் ஐரோப்பியர்கள் அணியும் மோதின. இடம் பம்பாய் ஜிம்கானா மைதானம். இந்தியர்கள் உறுப்பினராகவே முடியாத கிளப் அது. இந்துக்கள் 242, ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160 எடுக்க, ஐரோப்பியர்கள் 102-க்குச் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அந்தச் சுருட்டலில் பாலுவின் இடது கைக்குப் பெரிய பங்கு. வெள்ளைக்காரனை அவன் ஆட்டத்திலேயே அடித்தோம் என்று ஊரெல்லாம் கொண்டாட்டம்.

அந்தக் கொண்டாட்டத்தில் வேறொரு விஷயத்தைக் கவனித்தவர் ஒரு தமிழர். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரரான காமாட்சி நடராஜன். 1890-ல் சென்னையில் தொடங்கி, பிறகு பம்பாய்க்கு இடம் மாறிய ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ பத்திரிகையின் ஆசிரியர். ஜெயித்ததைவிட, புனேயில் வாசலுக்கு வெளியே டீ குடித்த மனிதர் பம்பாயில் மற்றவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதுதான் பெரிய மாற்றம் என்று அந்தப் பத்திரிகை எழுதியது. ஸ்கோர்கார்டில் ஏறாத விஷயத்தைத் தலையங்கத்தில் ஏற்றிய வேலை அது.

1907-ல் பார்சிகள் சேர்ந்து இது முத்தரப்புப் போட்டியானது. 1912-ல் முஸ்லிம்களும் சேர்ந்து நாற்கரப் போட்டியானது. மத அடிப்படையில் பிரிந்து ஆடிய இந்தத் தொடர்தான் அன்றைய ஐபிஎல் என்று வைத்துக்கொள்ளலாம். மைதானம் நிரம்பும், பத்திரிகைகளில் வாசகர் கடிதங்கள் குவியும், அணித் தேர்வைப் பற்றி தெருவில் சண்டை நடக்கும்.

1911: தோற்ற டீமில் தோற்காத ஆள்

ரயிலில் சிஎஸ்கே பற்றிப் புலம்புகிறவர்கள் 1911-ல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியைப் பார்த்திருந்தால் ஆறுதல் அடைந்திருப்பார்கள்.

டீம் தேர்வே ஒரு கணக்கு. பார்சிகள் இத்தனை, இந்துக்கள் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை என்று சமூக வாரியாகப் பங்கு பிரித்தார்கள். பார்சிகள் 6 பேர், இந்துக்கள் 5 பேர். அந்த 5-ல் பாலுவும் சிவராமும் இருந்தார்கள். கேப்டன், பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. பணம் இருந்தது, பட்டம் இருந்தது, ஆட்டமும் ஓரளவு வரும். ஆனால் அந்த ஜூன் மாதம் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. விருந்து, ஊர்வலம், அரண்மனை அழைப்பு என்று மகாராஜா பிஸி. பெரும்பாலான ஆட்டங்களுக்கு அவர் வரவே இல்லை. போதாததற்கு, அணியின் முக்கியமான பேட்ஸ்மேன் கேகி மிஸ்திரி மகாராஜாவின் ஊழியர். எஜமானர் எங்கே போகிறாரோ அங்கே அவரும் போகணும். ஆக, கேப்டனும் இல்லை, முன்னணி பேட்ஸ்மேனும் இல்லை.

23 ஆட்டங்களில் 15 தோல்வி. 6 வெற்றி, 2 டிரா. முதல்தர ஆட்டங்களை மட்டும் எடுத்தால் 14-ல் 10 தோல்வி, 2 வெற்றி.

இப்போ பந்துவீச்சு வரிசைக்கு வருவோம். ஒரு டீம் தொடர்ந்து தோற்கும்போது கேப்டன் என்ன செய்வார்? நம்பிக்கையான ஒருத்தர் கையில் மறுபடி மறுபடி பந்தைக் கொடுப்பார். வார்டன் என்ற இன்னொரு இடதுகைச் சுழல் வீச்சாளர் துணைக்கு இருந்தாலும், பாரம் பாலுவின் தோளில்தான் விழுந்தது. அப்போது அவருக்கு 35 வயது. பழக்கமில்லாத குளிர், பழக்கமில்லாத மண். அந்தச் சுற்றுப்பயணத்தில் மொத்தம் 114 விக்கெட், சராசரி 18.84. முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட், சராசரி 20.12. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ரன்னுக்கு 8 விக்கெட். அவர் வாழ்நாளின் சிறந்த பந்துவீச்சு அதுதான்.

முதல்தர ஆட்டத்தில் அணியின் முதல் வெற்றிக்கு ஜூலை மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, லெஸ்டர்ஷயருக்கு எதிராக. அதிலும் பாலுவின் விக்கெட்டுகள்தான் வழி திறந்தன. அடுத்து சாமர்செட்டை ஒரே விக்கெட் வித்தியாசத்தில் நெஞ்சு படபடக்க ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் சதம் அடித்து நின்றவர் தம்பி சிவராம்.

ஒரு மகாராஜா தலைமை தாங்கிய டீமைக் கரை சேர்த்தவர்கள், பிட்ச் பெருக்கிய வீட்டிலிருந்து வந்த இரண்டு அண்ணன் தம்பி. இதைச் சினிமாவில் எழுதினால் ஓவரா இருக்கு என்று சொல்வார்கள்.

ஊர் திரும்பியதும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பம்பாயில் பாலுவுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அங்கே வாசிக்கப்பட்ட வரவேற்பு மடலை எழுதியது எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர் ஒருவர் என்று சொல்லப்படுகிறது. பெயர் பீமாராவ் அம்பேத்கர். அவர் இன்னும் கொலம்பியா போகவில்லை, சட்டம் படிக்கவில்லை. அன்றைக்கு பாலுதான் அந்தச் சமூகத்தின் நாடறிந்த முகம். அம்பேத்கர் அவருடைய ரசிகர்.

எல்லாம் சரி, கேப்டன் மட்டும் வேணாம்

இங்கிலாந்தில் இப்படி ஆடிவிட்டு வந்தவர் இந்துக்கள் அணிக்குக் கேப்டனாக வேண்டியதுதானே? 1910-லிருந்தே ரசிகர்களில் ஒரு பகுதி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. சீனியாரிட்டி பார்த்தாலும் அவர்தான், சாதனை பார்த்தாலும் அவர்தான். ஒவ்வொரு வருஷமும் வேறொருவர் பெயர் அறிவிக்கப்பட்டது. 1913-ல் கேப்டனான எம். டி. பாய், தனக்கு நடந்த பாராட்டு விருந்திலேயே, இந்த இடம் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பாய் பிராமணர். சொன்னதற்காக அவரைப் பாராட்டலாம். முடிவு மாறவில்லை.

பந்து போடுவது உழைப்பு. கேப்டன் என்பது உத்தரவு. நீ இங்கே நில், நீ அங்கே போ, நீ இந்த ஓவரைப் போடு என்று மேல்சாதி ஆட்டக்காரர்களிடம் சொல்லும் வேலை. உழைப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் உத்தரவை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

1920-ல் குடம் நிரம்பி வழிந்தது. அந்த வருஷம் நாற்கரப் போட்டி புனேயில். பாய் உடம்பு சரியில்லாமல் முதல் ஆட்டத்துக்கு வரவில்லை. கேப்டனாக அறிவிக்கப்பட்டவர் உள்ளூர்க்காரரான டி. பி. தேவ்தர். தேவ்தர் டிராபி என்று கேள்விப்பட்டிருப்போமே, அவர்தான்; நல்ல ஆட்டக்காரர், அப்போது வயது 28. இதோடு நிற்கவில்லை. பாலுவை 11 பேரிலேயே சேர்க்கவில்லை.

அதற்குள் பல்வங்கர் வீட்டின் இன்னொரு தம்பி விட்டலும் அணியின் நட்சத்திர பேட்ஸ்மேன் ஆகியிருந்தார். விட்டலும் சிவராமும் ஒன்றாக அணியிலிருந்து விலகினார்கள். சும்மா விலகவில்லை, பகிரங்க அறிக்கை விட்டு விலகினார்கள். அண்ணன் வயதாகிவிட்டார் என்று தேர்வுக்குழு நினைத்தால் அது வேறு விஷயம். ஆனால் தங்கள் இருவருக்கும் ஜூனியரான ஒருவரைத் தலையில் உட்கார வைத்ததற்குச் சாதியைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பது அதன் சாரம். நாடு முழுக்க காந்தி தீண்டாமை ஒழிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் நாட்டின் மிகப் பிரபலமான டீமில் இப்படி நடக்கிறதே என்று கடிதங்களும் கூட்டங்களும் கிளம்பின.

இறுதி ஆட்டத்துக்குள் சமாதானம் பேசப்பட்டது. சகோதரர்கள் திரும்பினார்கள். பாலு துணைக் கேப்டன். ஆட்டத்தின் நடுவே பாய் மைதானத்தை விட்டு வெளியே போய்விட, கொஞ்ச நேரம் அணியை பாலு நடத்தினார். 44 வயதில், 25 வருஷத்துக்கும் மேல் ஆடியபின், அவருக்குக் கிடைத்த கேப்டன் பதவி அவ்வளவுதான். அதோடு அவருடைய முதல்தர ஆட்டமும் முடிந்தது. 33 ஆட்டம், 179 விக்கெட், சராசரி 15.21.

ஆனால் அந்தச் சண்டை வீண் போகவில்லை. 1923-ல் இந்துக்கள் அணியின் கேப்டனாக விட்டல் அறிவிக்கப்பட்டார். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் ஐரோப்பியர்களை அவர் அணி வீழ்த்தியது. ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனின் கோப்பையைத் தொட மறுத்தவர்களின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

காந்தியா, அம்பேத்கரா?

பாலுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். இதற்குப் பிறகுதான் கதை சிக்கலாகிறது.

1932-ல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி, அதாவது அவர்கள் மட்டுமே வாக்களித்துத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையை பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அம்பேத்கர் கேட்டது அது. அதை எதிர்த்து செப்டம்பர் 20 அன்று காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட சமூகத் தலைவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். சென்னை பரங்கிமலையைச் சேர்ந்த எம். சி. ராஜா கூட்டுத் தொகுதிதான் சரி என்றார். பாலு நின்றது ராஜாவின் பக்கம், அதாவது காந்தியின் பக்கம். இரண்டு பேரும் அம்பேத்கரைச் சமாதானப்படுத்தும் பேச்சுவார்த்தையில் பங்கெடுத்தார்கள். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம். சி. ராஜா, ரெட்டமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோரின் பெயர்களோடு பாலுவின் பெயரும் இருக்கிறது. தனித் தொகுதி போய், 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன.

உருளை இழுத்த புனேயில், 40 வருஷம் கழித்து, நாட்டின் தலையெழுத்தை மாற்றும் காகிதத்தில் கையெழுத்து.

பாலு ஏன் அந்தப் பக்கம் நின்றார்? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் ஓரளவு புரியும். மண் குவளையிலிருந்து ஒரே மேஜைக்கு, மேஜையிலிருந்து துணைக் கேப்டனுக்கு, அங்கிருந்து தம்பியின் கேப்டன் பதவிக்கு என்று, மெதுவாகவேனும் இந்துக்களின் மனசு மாறுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். உள்ளேயே இருந்து மாற்றலாம் என்ற நம்பிக்கைக்கு அவரிடம் ஆதாரம் இருந்தது. அம்பேத்கரிடமும் ஆதாரம் இருந்தது: அந்த மாற்றத்துக்கு நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்கே 25 வருஷம் ஆனது என்றால், விக்கெட் எடுக்கத் தெரியாத சாதாரண ஆளுக்கு எத்தனை வருஷம் ஆகும்? இரண்டில் அம்பேத்கரின் கணக்குதான் கனமானது. ஒரு தனிமனிதனின் திறமையால் திறந்த கதவு, அவன் பின்னால் வருகிற எல்லோருக்கும் திறந்தே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எம். சி. ராஜாவே பிற்காலத்தில், சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா விஷயத்தில் கசப்பாகி, காங்கிரஸிடமிருந்து விலகினார்.

பாலு விலகவில்லை. 1933-ல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை சார்பில் நின்று தோற்றார். 1937-ல் பம்பாய் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை நிறுத்தியது. எதிரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் வேட்பாளராக நின்றவர் அம்பேத்கர். 1911-ல் வரவேற்பு மடல் எழுதியவரும் வாங்கியவரும் 26 வருஷம் கழித்து ஒரே இடத்துக்கு மோதினார்கள். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. 2,020 ஓட்டு வித்தியாசம். அரசியலில் ஒரு பெரிய தலைவருக்கு எதிராக இவ்வளவு ஓட்டு வாங்கியது சின்ன விஷயமில்லை. அதில் காங்கிரஸின் செல்வாக்கு எவ்வளவு, பழைய ரசிகர்களின் விசுவாசம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸில் ஆடியது 1932 ஜூன் 25 அன்று. பூனா ஒப்பந்தத்துக்கு மூன்று மாதம் முன்பு. அந்த 11 பேரில் இருந்திருக்க வேண்டியவர் என்று சொல்ல பாலுவுக்கு அப்போது வயது 56 ஆகியிருந்தது.

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் பாலு காலமானார். சாந்தாகுரூஸ் மயானத்தில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பழைய கிரிக்கெட் வீரர்களும், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். தம்பி விட்டல், தங்கள் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி அதற்கு ஏழு வருஷம் முன்பே மராத்தியில் ஒரு புத்தகம் எழுதி வைத்திருந்தார். பாலுவைப் பற்றி இன்றைக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அதிலிருந்து வந்ததுதான்.